பழைய கூட்ஸ் ஷெட் பக்கத்து மனையில் கீரை போட்டிருக்கிறேன், மண் சரியா?

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிப் போட்ட மனை ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு சென்ட். பின்வேலியைத் தாண்டினால் ரயில்வே நிலம். மீட்டர்கேஜ் ஓடிய நாளில் அங்கேதான் எங்கள் ஊர் கூட்ஸ் ஷெட். உர மூட்டையும் சிமெண்ட்டும் இறங்கும், நெல் ஏறும். பிராட்கேஜ் ஆன பிறகு ஷெட் போய்விட்டது. இப்போது ஒரே ஒரு லைன், வேலியிலிருந்து நாற்பது அடி தள்ளி.

போன தையில் வேலியோரமாகப் பாத்தி கட்டி அரைக்கீரை, தண்டுக்கீரை, கொஞ்சம் வெண்டை போட்டேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மண்வெட்டி ஒரு முழம் இறங்கினால் கறுப்பாக ஓர் அடுக்கு வருகிறது. பொடிப்பொடியாக இருக்கிறது, நடுநடுவே கண்ணாடி போல மினுங்கும் ஓட்டை விழுந்த கட்டிகள். என் தம்பி "கரிசல்தான், கீரைக்கு நல்லது" என்கிறான். எங்கள் பக்கத்தில் ஏது கரிசல்?

மண்வள அட்டை வாங்கிப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. அப்படியும் பேத்திக்கு அந்தக் கீரையை மசித்துக் கொடுக்க மனசு வரவில்லை. ரயில் ஓடுவதால் பக்கத்து மண் கெட்டுப்போகுமா? தோட்டத்துப் படம் இரண்டு போட்டிருக்கிறேன்.

மண்புழு பாலு

அக்கா, அது கரிசல் இல்லை, கரிச் சாம்பல். நீராவி எஞ்சின் காலத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பலையும் கிளிங்கரையும் கொட்ட இடம் இல்லாமல் யார்டைச் சுற்றி இருந்த பள்ளமெல்லாம் அதைப் போட்டே மேடாக்கினார்கள். நீங்கள் சொல்லும் கண்ணாடிக் கட்டி அந்தக் கிளிங்கர்தான். நிலக்கரியில் இருக்கும் ஆர்சனிக், ஈயம் எல்லாம் எரிந்த பிறகு சாம்பலில் செறிந்து நிற்கும். எவ்வளவு என்பது கரியைப் பொறுத்தது.

மண்வள அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழப்பம் வாரம் ஒருவருக்கு வருகிறது. அந்த அட்டையில் வருவது பன்னிரண்டு விஷயம்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்கக கார்பன். பயிருக்கு என்ன போட வேண்டும் என்று சொல்லும் அட்டை அது. ஈயம் இருக்கிறதா, காட்மியம் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்த்த சீட்டை வைத்துக்கொண்டு எலும்பு முறியவில்லை என்று சொல்வது போலத்தான்.

சாலையோரம்

ஆரம்பித்துவிட்டீர்களா! ஒரு டன் சரக்கை லாரியில் கொண்டுபோவதை விட ரயிலில் கொண்டுபோனால் எரிபொருளும் புகையும் எவ்வளவோ குறைவு. இப்போது பெரும்பாலான பாதை மின்பாதை வேறு. பல வருஷம் ஈயம் கலந்த பெட்ரோல் எரித்த நெடுஞ்சாலை ஓரத்தில் கத்தரிக்காய் விளைகிறது, அதை யாரும் கேட்பதில்லை. மும்பை லோக்கலில் போய்ப் பாருங்கள், தண்டவாளத்தை ஒட்டியே பாலக்கும் வெந்தயக்கீரையும் வைத்திருப்பார்கள். ரயில்வே நிலத்தில் பயிர் வைக்க ஊழியர்களுக்கு அனுமதி கொடுக்கும் திட்டமே இருந்தது. அக்கா, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

மண்புழு பாலு

//பயப்படாமல் சாப்பிடுங்கள்//

ரயில் நல்லதா லாரி நல்லதா என்று அவர் கேட்கவில்லையே. வேலியோர மண்ணைப் பற்றிக் கேட்கிறார். மும்பைத் தண்டவாளக் கீரையைப் பற்றி அங்கேயே எத்தனை புகார் என்று தேடிப் பாருங்கள்.

ஓய்வு கீமேன்

நான் முப்பத்து நாலு வருஷம் லைனில் நடந்தவன். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, தினம் லைனைச் சோதித்துக்கொண்டு நடக்கும் கீமேனாக ரிட்டயர் ஆனேன். படிப்பு அவ்வளவு கிடையாது, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓடுகிற ரயிலிலிருந்து விழுவது பெரும்பாலும் இரும்புத்தூள். சக்கரமும் தண்டவாளமும் தேய்கிறது, பிரேக் கட்டை தேய்கிறது. ஜல்லி புதுசாகப் போட்டால் வெள்ளையாக இருக்கும், இரண்டு வருஷத்தில் செம்பட்டை ஆகிவிடும். அது முழுக்க இரும்புதான். வளைவில் கிரீஸ் வைப்போம். இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கும் ஃபிஷ்பிளேட் தகட்டை வருஷத்துக்கு ஒரு தரம் கழற்றிக் கிரீஸ் பூசுவோம், போல்ட்டுக்குக் கறுப்பு எண்ணெய். பாதை பிரியும் பாயின்ட்ஸ் இருக்கும் இடத்தில் மண்ணைக் கையில் எடுத்தால் பிசுக்கென்று இருக்கும். மற்றபடி நேர் பாதையில் நாற்பது அடி தள்ளி என்ன வரப்போகிறது? தூசிதான்.

எஞ்சின் நிற்கிற இடம் வேறு கதை. லோகோ ஷெட், டீசல் பிடிக்கிற இடம், வாகன் கழுவுகிற இடம், கூட்ஸ் ஷெட் மேடை. இங்கெல்லாம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும். ஒரு நாள் சிந்தியது யார் கண்ணிலும் படாது, நாற்பது வருஷம் சிந்தியது மண்ணில் தெரியும்.

கக்கூஸ் தண்ணீரையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நேரே லைனில்தான் விழும், எங்கள் வேலையில் அதுதான் பெரிய கொடுமை. தண்டவாளமே அதில் அரித்துப்போகும் என்று 2012இல் ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த காகோட்கர் கமிட்டி எழுதிக் கொடுத்தது. அப்புறம்தான் கழிவைப் பெட்டிக்கு அடியிலேயே நுண்ணுயிர் மக்க வைக்கும் பயோ டாய்லெட் வேகம் பிடித்தது. மானாமதுரை–ராமேஸ்வரம் 114 கிலோமீட்டரை 2016 ஜூலையில் கழிவு விழாத முதல் பாதை என்று அறிவித்தார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சரி. தாயி, உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாத்திக்கு ஓரம் கட்டியிருக்கிறீர்களே கட்டைகள், அவை எங்கே வாங்கியவை?

வெண்ணாற்றங்கரை

ஐயா, பழைய மரக்கடையில் வாங்கியது. நல்ல கனம், கறையான் ஏறாது என்று கடைக்காரர் சொன்னார். பதினாலு கட்டை. ஏன் கேட்கிறீர்கள்?

ஓய்வு கீமேன்

ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம் இருக்கிறதா அளந்து பாருங்கள். இருந்தால் அது மீட்டர்கேஜ் ஸ்லீப்பர், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை. படத்திலேயே தண்டவாளத்தைப் பிடிக்கும் டாக் ஸ்பைக் ஆணி அடித்த சதுர ஓட்டை தெரிகிறது.

கறையான் ஏறாதது உண்மைதான். ஏன் ஏறாது என்பதுதான் விஷயம். அந்தக் கட்டையைத் தாரெண்ணெயில் ஊற வைத்திருப்பார்கள், கிரியோசோட் என்று பெயர். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒலவக்கோட்டில் அதற்கென்றே ஆலை இருந்தது. எல்லா ஸ்லீப்பரும் தார்க்கட்டை இல்லை. தேக்கு, சால் மாதிரி உறுதியான மரத்தை அப்படியே போடுவதும் உண்டு. ஒரு கட்டையின் முனையை அரை அடி அறுத்துப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி விரல் கனத்துக்குக் கறுப்பு வளையமும் உள்ளே மரத்தின் நிறமும் இருந்தால் தார்க்கட்டை. உள்ளும் புறமும் ஒரே நிறம் என்றால் தப்பித்தீர்கள்.

சித்திரை வெயிலில் அந்தக் கட்டை வேர்க்கும். கறுப்பாக முத்து முத்தாக மேலே நிற்கும், தொட்டால் ஒட்டும். ஆளுக்கு ஒரு கட்டையைத் தோளில் தூக்கி வைத்து நடப்போம். அன்று சாயந்திரம் தோளும் கழுத்தும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும், இரண்டு நாளில் தோல் உரியும். நிழலில் தூக்கினால் அவ்வளவு எரியாது, வெயிலில்தான். ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம்.

வெண்ணாற்றங்கரை

அளந்துவிட்டேன் ஐயா. ஆறடி, எட்டு அங்குலம், நாலரை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றின் முனையை ஆள் வைத்து அறுத்தேன். கறுப்பு வளையம் இருக்கிறது. அறுத்தவர் "என்னம்மா ரோடு போடுகிற வாசனை வருது" என்றார்.

போன கோடையில் பேத்தி அந்தக் கட்டைமேல்தான் உட்கார்ந்து விளையாடினாள். பாவாடையில் கறுப்புக் கறை போகவே இல்லை. சேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடுவை

நான் மண், தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கீமேன் ஐயா தன் தோளில் தெரிந்துகொண்டது வேதியியலில் அப்படியே இருக்கிறது. கிரியோசோட் தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் தீப்புண் போல ஆகும்.

நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்த எண்ணெய் இது. இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838இல் மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அன்றிலிருந்து உலகின் பல நாடுகளில் ரயில் இதன்மேல்தான் ஓடியது. இதில் பெரும்பகுதி பல வளைய ஹைட்ரோகார்பன்கள். பூச்சி உருண்டை வாசனை தரும் நாப்தலீன் அதில் சிறியது, சீக்கிரம் ஆவியாகிவிடும். ஐந்து வளையம் உள்ள பென்சோபைரீன் மாதிரியானவை பெரியவை. அவை தண்ணீரில் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரிசையில் பென்சோபைரீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான முதல் பட்டியலிலேயே இருக்கிறது. கிரியோசோட் அதற்கு அடுத்த, உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற பட்டியலில். ஐரோப்பாவில் இந்த மரத்தை வீட்டுக்குள், விளையாட்டுத் திடலில், செடி வளர்க்கும் பெட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே உண்டு. இங்கே பழைய மரக்கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரிசார்ட்டுகளில் படிக்கட்டு, பெஞ்ச் எல்லாம் செய்து "ரஸ்டிக்" என்று காசு வாங்குகிறார்கள், அது தனிக் கதை.

இருந்தாலும் ஒரு ஆறுதல். கட்டையிலிருந்து கசிவது வெகுதூரம் போகாது. கட்டையை ஒட்டிய மண்ணில்தான் அதிகம் நிற்கும், சற்றுத் தள்ளினால் மளமளவென்று குறையும். ரயில் பாதை மாசு முழுவதுக்குமே இந்தக் குணம் உண்டு. போலந்தில் இவாவா குவுவ்னா என்ற சந்திப்பில் எடுத்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. சரக்கு ஏற்றும் மேடை, பிளாட்பாரப் பாதை, பெட்டி கழுவும் இடம், பக்கப் பாதை என்று நான்கு இடத்தின் மண்ணைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒரே ஸ்டேஷன்தான், இடத்துக்கு இடம் மாசு வேறு. அதனால் "ரயில் பக்கத்து மண் கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மூலையில் நாற்பது வருஷமாக என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் விதம்: கட்டையை ஒட்டி ஒன்று, பாத்தி நடுவில் ஒன்று, கறுப்பு அடுக்கில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. நான்கையும் கலக்காதீர்கள், கலந்தால் எல்லாம் சராசரியாகி ஒன்றும் தெரியாது. துத்தநாகம் பூசிய தட்டு, துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம், மரக்கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். உலோகத்துக்கு பிளாஸ்டிக் பை சரி. தார் பார்க்கக் கண்ணாடி பாட்டில்தான், வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். பரிசோதனைக் கூடங்களுக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள கூடமாகப் பாருங்கள். உலோகச் சோதனை ஓரளவுக்குக் கட்டுப்படியாகும், தார்ச் சோதனை விலை கூடுதல். எல்லாவற்றுக்கும் தார் பார்க்க வேண்டாம், கட்டையோர மண்ணுக்கும் பாத்தி நடு மண்ணுக்கும் மட்டும் போதும்.

சாலையோரம்

சரி, கட்டையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அது ரயில் செய்த தப்பு இல்லையே. கடைக்காரர் விற்றார், அக்கா வாங்கினார்.

மண்புழு பாலு

ரயிலில் வந்த மாசு ரயிலிலேயே இறங்கிப் போகாது தம்பி. கட்டை ஏலத்துக்குப் போகிறது. ஜல்லி சலிக்கும்போது வரும் கறுப்பு மக்கை லைனுக்கு ஓரமாகக் கொட்டுவார்கள், அதை டிராக்டரில் அள்ளிப்போய் மனைக்கு மேடு போட்டதை நானே பார்த்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு ஒரு தரமாவது ஜல்லியைத் தோண்டிச் சலிக்க வேண்டும் என்பது விதி. பத்து வருஷத்துத் தூசும் கிரீஸும் அந்த மக்கில்தான் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் வாசி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேர டிரைவில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சின்ன ஊர், அமெரிக்காவின் ஒஹையோ மாநில எல்லைக்குள். 2023 பிப்ரவரி 3 ராத்திரி அங்கே சரக்கு ரயில் ஒன்றின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. சக்கரத்து பேரிங் ஒன்று சூடாகிக் கழன்றதுதான் காரணம். ஐந்து டேங்கரில் வினைல் குளோரைடு, நம் வீட்டு பிவிசி குழாய்க்கு மூலப்பொருள். வெடித்துவிடும் என்று பயந்து பிப்ரவரி 6ஆம் தேதி அவர்களே திறந்துவிட்டு எரித்தார்கள். கறுப்புப் புகை எழுந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எரித்திருக்கவே வேண்டாம் என்று விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் சொன்னது.

நான் சொல்ல வந்தது புகையை அல்ல. தீ அணைந்த சில நாளிலேயே தண்டவாளத்தைச் சரிசெய்து வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அடியில் இருந்த கெட்ட மண்ணை எடுக்காமலே அதன்மேல் பாதை போட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. மார்ச்சில் ஒரு பாதையைக் கழற்றி அடிமண்ணைத் தோண்டி, அந்தப் பாதையைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த பாதையைக் கழற்றினார்கள். கடைசிக் கணக்கில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மண்ணை அள்ளினார்கள், அதில் நிறைய வேறு மாநிலங்களுக்குப் போனது. அதை வாங்கிக்கொள்ள அந்த மாநிலங்களில் எதிர்ப்பு கிளம்பியது. மண் கெட்டால் அதைச் சுத்தம் செய்வதை விட, அள்ளிய மண்ணை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய சண்டை.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு அந்தப் பக்கம் மாமியார் வீடு. அந்த வருஷம் தக்காளி போடவில்லை. அடுத்த வருஷம் தொட்டியில் கடை மண் வாங்கிப் போட்டார்களாம். சோதனையில் சரி என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் கை போகவில்லை என்றார்.

தெற்கு ரத வீதி

அமெரிக்கா வரை ஏன் போக வேண்டும்? 2025 ஜூலை 13, ஞாயிறு விடிகாலை திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்ததே. பதினெட்டு டேங்கர் போனது. தொலைக்காட்சியில் தீயைத்தான் நாள் முழுக்கக் காட்டினார்கள். எரியாமல் தரையில் இறங்கிய டீசலைப் பற்றி இரண்டு நாள் கழித்து யாரும் பேசவில்லை.

குடுவை

டீசல் என்பதால் சொல்கிறேன். ஜல்லி சல்லடை மாதிரி, ஊற்றியதைத் தடுக்காது. கீழே இறங்கி நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டால் அதன்மேல் மிதக்கும். கிணற்றில் முதலில் தெரிவது வாசனைதான், வானவில் படலம் அப்புறம். அதே சமயம் டீசல் தார் மாதிரிப் பிடிவாதக்காரன் இல்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரே அதைத் தின்னும். மண்ணைக் கிளறிக் காற்றுப் படவிட்டு, ஈரம் காத்து, கொஞ்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தால் வேகமாகத் தின்னும். டீசல் சிந்திய இடத்தில் செடி மஞ்சளடிப்பதற்குக் காரணமும் பாதி அதுதான், இருக்கிற தழைச்சத்தை நுண்ணுயிர் எடுத்துக்கொள்கிறது. ஈயத்துக்கு அந்த வழி கிடையாது. அதை யாரும் தின்ன முடியாது.

வெண்ணாற்றங்கரை

மூன்று வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். முடிவு வந்துவிட்டது. குடுவை தம்பி சொன்னபடியே நான்கு மாதிரி கொடுத்தேன், கட்டையோரமும் பாத்தி நடுவும் தாருக்கும் பார்த்தார்கள்.

கிணற்றடி மண் சுத்தம். பாத்தி நடுவில் உலோகம் எதுவும் பயப்படும்படி இல்லை. நான் பயந்துகொண்டிருந்த ரயில் தூசு அங்கே இல்லவே இல்லை. கறுப்பு அடுக்கில் ஈயமும் ஆர்சனிக்கும் கூடுதல். கட்டையோர மண்ணில்தான் அந்தப் பல வளையச் சமாசாரம், பென்சோபைரீன் உட்பட, பாத்தி நடுவில் இருப்பதைப் போலப் பல மடங்கு. கூடத்தில் இருந்த பெண் "இது என்ன ஆலைப் பக்கத்து மண்ணா மேடம்?" என்று கேட்டாள். என் தோட்டம் என்றேன்.

ஆக, நாற்பது அடி தள்ளி ஓடுகிற ரயில் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் ஓடிய ரயில் சாம்பலில் செய்திருக்கிறது. மிச்சத்தை நானே காசு கொடுத்து ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறேன்.

மண்புழு பாலு

அக்கா, பாத்தியைக் கிணற்றடிக்கு மாற்றிவிடுங்கள். வேலியோரத்தில் கறுப்பு அடுக்கைக் கிளற வேண்டாம், அதன்மேல் ஒரு அடி நல்ல மண் போட்டுப் புல்லோ பூச்செடியோ வையுங்கள். ஈயம் பெரும்பாலும் வேரைத் தாண்டி மேலே ஏறாது, இலைமேல் படிகிற மண்ணோடுதான் வாய்க்குப் போகும். அதனால் அங்கே மண் வெறுமையாகக் கிடக்காமல் மூடியிருப்பதுதான் முக்கியம். கிழங்கும் கீரையும் மட்டும் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். கட்டையை ஒட்டிய மண்ணை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

செய்துவிட்டேன் தம்பி. அரளியும் நந்தியாவட்டையும் வைக்கப் போகிறேன், பூஜைக்கு ஆகும். வெட்டிய மண் ஆறு சாக்கு. கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தோம், வெயிலுக்கு முன்னால் காலையிலேயே.

இப்போது கேள்வி கட்டைக்குத்தான். மரக்கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயார், வேறு யாருக்காவது விற்றுவிடுவாராம். அதற்கு மனசு கேட்கவில்லை. பஞ்சாயத்தில் கேட்டேன், குப்பை வண்டியில் ஏற்ற மாட்டார்களாம். தெருமுனை டீக்கடைக்காரர் அடுப்புக்குக் கேட்கிறார், "எண்ணெய்க் கட்டை, நின்று எரியுமே" என்கிறார்.

ஓய்வு கீமேன்

அடுப்புக்கு மட்டும் கொடுக்காதீர்கள் தாயி. குளிருக்கு நாங்கள் கேட் பக்கத்தில் ஒரு முறை எரித்தோம். புகை தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் விடவில்லை. அந்தப் புகையில் டீ கொதிக்கக் கூடாது.

குடுவை

ஐயா சொல்வது சரி. அபாயக் கழிவு எடுக்கும் நிறுவனங்கள் ஆலைகளிடம்தான் வாங்குகின்றன, பதினாலு கட்டைக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு கூடத்து நண்பர் மூலம் விசாரிக்கிறேன். ஆலை ஒன்று அனுப்பும் லோடோடு சேர்த்துவிட முடியுமா என்று பார்க்கலாம். அதுவரை மழை படாமல் வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை

சரி தம்பி. டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. கட்டைகளை மாட்டுக் கொட்டகையில் அடுக்கி அடியிலும் மேலேயும் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். மாடு இல்லாத கொட்டகைதான். விசாரித்துச் சொல்லுங்கள், நான் இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.